ஸ்டாரா டெல்டாவா, எத்தனை ஆம்பியர்: மோட்டார் கொட்டகைக்குப் புதிதாக வருபவருக்கு

வைண்டிங் கடையில் சேர்ந்த முதல் வருடம் நான் எரித்த மோட்டார் 3 எச்.பி. அதுவும் வெளியாளுடையது இல்லை, என் சித்தப்பாவுடையது. மன்னார்குடிப் பக்கம், வாய்க்கால் ஓரமாக ஒரு ஃபில்டர் பாயிண்ட் (ஆழம் குறைந்த குழாய்க் கிணறு). பக்கத்துக் கொல்லையில் 5 எச்.பி. மோட்டார் ஒன்று பிரமாதமாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் டெர்மினல் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மூன்று செப்புப் பட்டைகளும் நெட்டுக்குத்தாக இருந்தன. சரி, இதுதான் முறை போல என்று சித்தப்பா மோட்டாரிலும் அப்படியே போட்டுவிட்டேன்.

ஸ்விட்சைப் போட்டதும் வழக்கமான சத்தம் வரவில்லை, அடித்தொண்டையில் உறுமுவது போல ஒன்று வந்தது. ஆம்பியர் கூடினால் மோட்டாரை நிறுத்த வேண்டிய ரிலேயை யாரோ முன்னாடியே கடைசிக் கோடு வரை திருப்பி வைத்திருந்தார்கள், அதனால் அது விழவும் இல்லை. இரண்டு நிமிடத்தில் வார்னிஷ் கருகும் வாசனை. நான் ஓடிப் போய் நிறுத்துவதற்குள் மின்விசிறி மூடியின் இடுக்கில் புகை. சித்தப்பா திட்டவில்லை. "தம்பி, நேம் பிளேட்டுன்னு ஒண்ணு எதுக்கு அடிச்சு வச்சிருக்கான்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தத் தகட்டைப் படிப்பதில் ஆரம்பித்து, ஓடுகிற மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, அது சரியா தப்பா என்று சொல்வது வரை, புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்காக எழுதுகிறேன். உரிமம் உள்ள வயர்மேன் ஒருவர் பக்கத்தில் இருந்து பழகுவது என்ற கணக்கில் படியுங்கள்.

கை வைக்கும் முன்

மெயினை இறக்குங்கள். மூன்று ஃபியூஸ் கேரியரையும் கழற்றி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பெட்டி மேல் வைக்காதீர்கள். மும்முனை மின்சாரம் வருகிற நேரம் பார்த்து யாராவது வந்து கேரியரைச் சொருகிவிடுவார்கள். இது நடக்காத கிராமம் இல்லை. அப்புறம் டெர்மினலில் மூன்று ஃபேஸையும் தனித்தனியாக டெஸ்டர் வைத்துப் பாருங்கள். அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்று முதலில் வேறு உயிருள்ள லைனில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கால் சேற்றில் இருக்கக் கூடாது. உலர்ந்த பலகை, ரப்பர் செருப்பு. மோட்டார் உடலுக்கு இரண்டு தனி எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். பல கொட்டகைகளில் ஒன்று அறுந்திருக்கும், இன்னொன்று துருப்பிடித்து மண்ணோடு மண்ணாகியிருக்கும். அதைச் சரிசெய்யாமல் மற்ற வேலை வேண்டாம். ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கம் எதுவாக இருந்தாலும் லைன்மேனைக் கூப்பிடுங்கள். நீங்கள் ஏறாதீர்கள்.

தகட்டில் பார்க்க வேண்டியது

எச்.பி. அல்லது கிலோவாட், வோல்ட், ஆம்பியர், சுற்று வேகம், கனெக்‌ஷன். இதில் கடைசியாகச் சொன்னதைத்தான் நான் அன்று பார்க்கவில்லை. முக்கோணக் குறி இருந்தால் டெல்டா. தலைகீழ்ச் சூலம் போல மூன்று கால் குறி இருந்தால் ஸ்டார். (காவிரி விரியும் இந்த நிலத்துக்கு டெல்டா என்று பேர் வந்ததும் அதே முக்கோண எழுத்தால்தான். ஆனால் டெல்டாக்காரன் மோட்டார் எல்லாம் டெல்டா கனெக்‌ஷன் இல்லை.)

விஷயம் இவ்வளவுதான். மோட்டாருக்குள் மூன்று காயில், அதாவது மூன்று கம்பிச் சுற்று. இரண்டு ஃபேஸுக்கு நடுவே 415 வோல்ட். டெல்டாவில் ஒவ்வொரு காயிலும் இரண்டு ஃபேஸுக்கு நடுவே நிற்கிறது, முழு 415-ஐயும் வாங்குகிறது. ஸ்டாரில் காயில்களின் ஒரு முனை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். அப்போது ஒவ்வொரு காயிலுக்கும் கிடைப்பது 415-ஐ 1.732-ஆல் வகுத்தது, அதாவது 240 வோல்ட்.

நம் நாட்டு மோட்டார்களில் பொதுவாக 3 எச்.பி. வரை ஸ்டார், 5 எச்.பி.யிலிருந்து டெல்டா. சித்தப்பா மோட்டாரின் காயில் 240-க்குச் சுற்றியது. நான் அதன் தலையில் 415-ஐ ஏற்றினேன், இரும்பு தாங்காமல் கரண்டை அள்ளிக் குடித்தது. இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. டெல்டாவில் ஓட வேண்டிய 5 எச்.பி.யை ஸ்டாரில் போட்டால் உடனே எரியாது. இழுவை (சுழற்றும் விசை, ஆம்பியர் இல்லை) மூன்றில் ஒரு பங்காகிவிடும், சுமை இல்லாமல் ஓட்டிப் பார்த்தால் நன்றாக ஓடுவது போலவே தெரியும். தண்ணீரை ஏற்றச் சொன்னதும் வேகம் விழுந்து, முக்கி முனகி, மெதுவாகச் சூடேறி எரியும். முதல் தப்பு சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும், இது காட்டாது.

பட்டை போடுவது

டெர்மினல் பலகையில் ஆறு போல்ட், மூன்று காயிலுக்கும் இரண்டிரண்டு முனை: யூ1 ஒரு முனை என்றால் யூ2 அதே காயிலின் மறுமுனை. மேல் வரிசையில் யூ1, வி1, டபிள்யூ1. கீழ் வரிசையில் அதே ஒழுங்கு இருக்காது: டபிள்யூ2, யூ2, வி2 என்று ஒரு இடம் நகர்ந்திருக்கும். வேண்டுமென்றேதான் அப்படி. மூன்று பட்டைகளையும் நெட்டுக்குத்தாகப் போட்டால் யூ1-டபிள்யூ2, வி1-யூ2, டபிள்யூ1-வி2 என்று சேர்ந்து டெல்டா ஆகும். கீழ் வரிசை மூன்றையும் கிடையாகச் சேர்த்தால் ஸ்டார். இரண்டிலும் லைன் மேல் வரிசைக்கு வரும். பழைய மோட்டார்களில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று இருக்கும், சங்கதி ஒன்றுதான்.

ரீவைண்டிங்கிலிருந்து வந்த மோட்டாரில் குறியே இல்லாமல் ஆறு வயர் தொங்கினால்? மல்டிமீட்டரை ஓமில் வைத்து ஜோடி கண்டுபிடியுங்கள். மூன்று ஜோடிகளின் ஓமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகினால் கனெக்‌ஷன் பேச்சே வேண்டாம், கடைக்கே திருப்பி அனுப்புங்கள். ஜோடி தெரிந்தாலும் எது தலை, எது வால் என்று தெரிய வேண்டும். ஒரு டார்ச் பேட்டரி, ஒரு முள் மீட்டர் போதும். ஒரு காயிலில் பேட்டரியைத் தொட்டு எடுங்கள். தொடும் அந்த நொடியில் மற்ற இரண்டு காயிலிலும் மீட்டர் முள் ஒரே பக்கம் உதற வேண்டும். அப்புறம் பேட்டரியை இரண்டாவது காயிலுக்கு மாற்றி அதே போலப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே பக்கம் உதறினால் நீங்கள் வைத்த தலை வால் சரி. மாறி உதறினால் ஒரு காயில் திரும்பியிருக்கிறது, குறியை மாற்றி மறுபடி பாருங்கள். ஒரு காயில் திரும்பிய மோட்டார் உறுமும், கண்டபடி கரண்டு இழுக்கும், சரியாகச் சுற்றாது.

ஆழ்துளை சப்மெர்சிபிளில் மூன்று வயர் மட்டும் மேலே வந்தால் கனெக்‌ஷனை உள்ளேயே முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அங்கே நமக்கு வேலை இல்லை.

வேறு வோல்டேஜ் மோட்டார் வந்தால்

தகட்டில் இரண்டு வோல்டேஜ் இருந்தால் சின்னது டெல்டாவுக்கு, பெரியது ஸ்டாருக்கு. 230/400 என்றிருந்தால் நம் லைனில் ஸ்டார். 400/690 என்றிருந்தால் டெல்டா. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இரண்டாவது வகைக்கு மட்டும்தான் பொருந்தும், ஏனென்றால் அது மோட்டாரை ஸ்டாரில் கிளப்பி, கடைசியில் டெல்டாவில் கொண்டுபோய் விடும். 230/400 மோட்டாருக்கு அதைப் போட்டால் என் சித்தப்பா கதைதான், பத்து நொடி தள்ளி.

இப்போது வீட்டு சிங்கிள் ஃபேஸ் லைனில் டிரைவ் பெட்டி வைத்து மாவு மெஷின், சின்ன அரவை மெஷின் ஓட்டுகிறார்கள். அந்தப் பெட்டிக்கு உள்ளே போவது 230 வோல்ட் என்றால் வெளியே வருவதும் 230 வோல்ட் மூன்று ஃபேஸ்தான். அங்கே நம் 3 எச்.பி. ஸ்டார் மோட்டாரை, ஆறு முனையும் வெளியே இருந்தால், டெல்டாவுக்கு மாற்றிப் போட வேண்டும். காயிலுக்கு அதே 230-240 கிடைக்கிறது, மோட்டாருக்கு நஷ்டமில்லை. ஆனால் வயரில் ஓடும் ஆம்பியர் 1.73 மடங்காகும்: 4.6 இழுத்தது 8 இழுக்கும். வயரையும் டிரைவையும் அதற்கேற்ற அளவில் வாங்குங்கள்.

ரைஸ் மில்லில் அமெரிக்கப் பழைய மெஷினோடு ஒன்பது வயர் மோட்டார் ஒன்று எப்போதாவது வரும். 230/460 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு அதிக வோல்டேஜ் முறை: 4-7, 5-8, 6-9 சேர்த்து முடிச்சு, லைன் 1, 2, 3-க்கு. நம் 50 ஹெர்ட்ஸில் வேகம் ஆறில் ஐந்தாகக் குறையும். அதற்கு உரிய வோல்ட்டும் 460-லிருந்து அதே ஆறில் ஐந்தாக, 383 ஆகக் குறையும். 415 வோல்ட் அதைவிடச் சுமார் 8 சதவீதம் அதிகம், எனவே உடல் சூட்டைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

டாங் டெஸ்டர் பிடிப்பது

டாங் டெஸ்டர் என்பது வயரை வெட்டாமல் கவ்வி ஆம்பியர் பார்க்கும் மீட்டர். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வயர். மூன்று வயரையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம் காட்டும், மோட்டார் சும்மா சுற்றுகிறது என்று நினைத்துவிடுவீர்கள். மூன்றும் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால் வரும் பூஜ்யம் அது. (சேர்த்துக் கவ்வியும் பூஜ்யம் வராவிட்டால் எங்கோ எர்த்துக்குக் கசிகிறது. அதற்கு மட்டும் அப்படிப் பிடிக்கலாம்.)

புறப்படும் நேரத்து ரீடிங்கை விடுங்கள், அது ஆறேழு மடங்கு போகும். தண்ணீர் வந்து, குழாய் நிறைந்து, ஐந்து நிமிடம் ஓடிய பிறகு பாருங்கள்.

எவ்வளவு இருக்க வேண்டும்? தகட்டில் உள்ளதுதான் மேல் எல்லை. தகடு துருப்பிடித்து அழிந்திருந்தால் 415 வோல்ட்டில் எச்.பி.க்கு ஒன்றரை ஆம்பியருக்குள் என்று ஒரு கைக்கணக்கு: 5 எச்.பி.க்கு 7.5, 7.5-க்கு 11, 10-க்கு 14. சப்மெர்சிபிள் இதைவிடக் கொஞ்சம் கூடவே இழுக்கும்.

ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்கு ஆறு வயர் போகும். அதில் ஒன்றைக் கவ்வினால் காயில் கரண்டுதான் தெரியும், லைன் கரண்டில் 58 சதவீதம். 10 எச்.பி. 8 ஆம்பியர்தான் இழுக்கிறது, சுமையே இல்லை என்று சந்தோஷப்பட்ட பையன்கள் உண்டு. ஸ்டார்ட்டருக்குள் வருகிற வயரில் பிடித்தால் 14 இருக்கும். ரிலேவும் பெரும்பாலும் அந்தக் காயில் பக்கம்தான் உட்கார்ந்திருக்கும், ஆகவே அதை 14-ல் வைக்கக் கூடாது, 8-ல் வைக்க வேண்டும். 14-ல் வைத்த ரிலே இருந்தும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். நேரடி ஸ்டார்ட்டரில் மட்டும் தகட்டு ஆம்பியரையே வையுங்கள். ரிலே அடிக்கடி விழுகிறது என்று யாராவது கூட்டி வைக்கச் சொன்னால் கூட்டாதீர்கள், ஏன் விழுகிறது என்று தேடுங்கள்.

ஆம்பியரோடு வோல்டேஜையும் எழுதுங்கள்

வெறும் ஆம்பியருக்கு அர்த்தம் இல்லை. தண்ணீருக்குக் கடைமடை இருப்பது போலக் கரண்டுக்கும் கடைமடை உண்டு. ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் 410 காட்டும் லைன், கடைசிக் கொட்டகையில் 350 காட்டும். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்னால், குறுவை நாற்றங்காலுக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் மோட்டார் போடும் நாட்களில் போய் அளந்து பாருங்கள். 350-ல் மோட்டாரின் இழுவை 415-ல் இருந்ததில் 71 சதவீதம்தான். வேலை அதே வேலை என்பதால் ஆம்பியர் ஏறும்: 7.5 இழுத்தது 8.5-க்கு மேல் போகும். விவசாய மோட்டார்த் தகடுகளில் +6, -15 சதவீதம் என்று இருப்பதைப் பார்க்கலாம். அதாவது 353-லிருந்து 440 வரை தாங்கும். அதற்குக் கீழே ஓட்டாதீர்கள். ஆட்டோ ஸ்டார்ட்டரையும் நான் ஆதரிப்பதில்லை. கரண்டு வந்ததும் அந்த லைனில் உள்ள அத்தனை மோட்டாரும் ஒரே நொடியில் புறப்பட்டால் யாருக்கும் வோல்டேஜ் இருக்காது.

நீளமான வயரும் வோல்டேஜைத் தின்னும். 2.5 சதுர மி.மீ. செப்பு வயர் 100 மீட்டர் போனால் 5 எச்.பி.க்குச் சுமார் 8 வோல்ட் வழியிலேயே போய்விடும்.

ஆம்பியர் ஏற இன்னொரு காரணம் உண்டு, கேட்டால் நம்ப மாட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்து, மழையும் பெய்து, நிலத்தடி நீர் மேலே ஏறியதும் மோட்டாருக்கு வேலை குறைந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். சென்ட்ரிஃபியூகல் பம்பில் அப்படி இல்லை. ஏற்ற வேண்டிய உயரம் குறைந்தால் அது இன்னும் நிறையத் தண்ணீரைத் தள்ளும், இன்னும் நிறையக் கரண்டு இழுக்கும். சித்திரையில் 7 ஆம்பியர் காட்டிய மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக உள்ளது) ஐப்பசியில் 8.5 காட்டுவது இதனால்தான். டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடிப் பாருங்கள், ஆம்பியர் இறங்கும். இறங்கினால் மோட்டாரில் கோளாறு இல்லை, அந்தக் கிணற்றுக்குப் பொருந்தாத பம்பு. சக்‌ஷன் பக்கத்தை மட்டும் மூடிப் பார்க்கக் கூடாது.

மூன்றும் ஒன்றாக இல்லாவிட்டால்

போன வருடம் நீடாமங்கலம் பக்கம் ஒரு கொட்டகை. 5 எச்.பி., நேரடி ஸ்டார்ட்டர். ரிலே அரை மணிக்கு ஒரு தரம் விழுகிறது. மூன்று ஃபேஸையும் அளந்தால் ஆர் 8.6, ஒய் 6.2, பி 8.3 ஆம்பியர். சராசரி 7.7, அதிலிருந்து அதிகமாக விலகியது ஒய், 1.5. ஒன்றரையை 7.7-ஆல் வகுத்தால் 19 சதவீதத்துக்கு மேல். 5-க்குள் இருந்தால் நல்லது, 10-ஐத் தாண்டினால் ஓட்டக் கூடாது.

"காயில் போச்சு அண்ணே, வைண்டிங் பண்ணிடுவோம்" என்றான் கூட வந்த தம்பி.

"இருடா, மோட்டாரா லைனான்னு முதல்ல பார்ப்போம்."

ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று வயரையும் ஒவ்வொரு இடம் நகர்த்தினோம். ஆரில் இருந்தது ஒய்க்கு, ஒய்யில் இருந்தது பிக்கு, பியில் இருந்தது ஆருக்கு. மூன்றும் சேர்ந்து நகர்வதால் சுற்றும் திசை மாறாது. இரண்டை மட்டும் மாற்றினால் பின்பக்கம் சுற்றும். மறுபடி ஓட்டி அளந்தால், குறைந்த ரீடிங் மறுபடியும் ஒய் லைனில்தான். இன்னொரு இடம் நகர்த்தினோம், அப்போதும் ஒய். மோட்டாரில் கோளாறு என்றால் குறை, மோட்டார் வயரோடு நகர்ந்து வந்திருக்கும். லைனோடு நின்றதால் கோளாறு லைனில்.

வோல்டேஜைப் பார்த்தோம். ஆர்-ஒய் 380, ஒய்-பி 379, ஆர்-பி 401. சராசரியிலிருந்து விலகல் 3.7 சதவீதம்தான். ஆனால் வோல்டேஜில் கொஞ்சம் விலகினால் ஆம்பியரில் அதைப் போலப் பல மடங்கு விலகும். மெயினை நிறுத்தி ஒய் ஃபியூஸ் கேரியரைக் கழற்றியபோது கை சுட்டது. கத்தி முனை கறுத்து, பிடிமானம் தளர்ந்து கிடந்தது. கேரியரையும் அடிக்கட்டையையும் புதிதாக மாற்றி ஓட்டினோம். 7.3, 7.1, 7.4. வைண்டிங் செலவு மிச்சமானதற்குக் கொல்லைக்காரர் ஒரு தார் பூவன் பழம் கொடுத்தனுப்பினார்.

ஒரு ஃபேஸ் முழுதாகவே போய்விட்டால் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்காது. மிச்ச இரண்டு ஃபேஸில் 1.73 மடங்கு இழுத்துக்கொண்டு ஓடும். நின்ற மோட்டாரோ கிளம்பாமல் உறுமும். ஒரு ஃபேஸ் போனதும் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் ஒன்றை வைத்துவிடுங்கள். அதன் விலை வைண்டிங் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. கண்டன்சர் போட்டு இரண்டு ஃபேஸில் ஓட்டும் வித்தையை யாராவது சொல்லித் தருவார்கள், கற்றுக்கொள்ளாதீர்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய மோட்டார்

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்த பிறகு எங்கள் கடைக்கு வந்தவற்றில், தண்ணீர் புகுந்து கெட்டவற்றைவிட, காய வைக்காமல் ஸ்விட்சைப் போட்டு எரித்தவை அதிகம். பிரித்து, நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலிலோ பல்பு சூட்டிலோ நன்றாகக் காய வைத்து, பேரிங்கை மாற்றி, 500 வோல்ட் மெக்கர் (கசிவு இருக்கிறதா என்று ஓமில் காட்டும் மீட்டர்) வைத்துக் காயிலுக்கும் உடலுக்கும் நடுவே பாருங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் இன்னும் காயவில்லை. மறுநாள் பார்க்கலாம்.

கொட்டகைச் சுவரில், ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில், பெயின்ட்டில் நான்கு வரி எழுதிவிட்டு வருவது என் வழக்கம்: தேதி, மூன்று வோல்டேஜ், மூன்று ஆம்பியர், வால்வு எவ்வளவு திறந்திருந்தது. அடுத்த முறை ரிலே விழுந்து கூப்பிடும்போது முதலில் அந்தச் சுவரைத்தான் படித்துக் காட்டச் சொல்வேன்.